கார் யாருடையது?

ஒருவர் காசு கொடுத்துக் கார் வாங்குகிறார். ஒரு நாள் இரவு, காரின் திரையில் ஒரு கேள்வி வருகிறது. "சரி" என்று தொட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் அது பழைய கார் அல்ல! பூட்டு உடையவில்லை. உள்ளே மட்டும் ஏதோ மாறியிருக்கிறது.

இது மந்திரம் அல்ல. இந்தக் காலத்துக் கார்களுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிரேக், பாட்டரி எல்லாவற்றையும் அதுதான் கவனிக்கிறது. அதற்குப் புதிய கட்டளைகளைக் கம்பெனி காற்று வழியே அனுப்புகிறது. இதற்கு "அப்டேட்" என்று பெயர்.

நன்மை

இதில் நன்மை உண்டு. 2018-ல் அமெரிக்காவில் டெஸ்லா "மாடல் 3" காரை ஒரு பத்திரிகை சோதித்தது. 60 மைல் வேகத்தில் பிரேக் போட்டால், 152 அடி ஓடித்தான் நின்றது. கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. அதன் பிறகு 133 அடியில் நின்றது! யாரும் பட்டறைக்குப் போகவில்லை.

கெடுதல்

மறு ஆண்டு நடந்தது வேறு கதை. ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் "மாடல் எஸ்" கார்கள் தீப்பிடித்தன. 2019 மே மாதம் கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. பாட்டரியின் பாதுகாப்புக்காக என்றது. ஆனால் பல கார்களில் பாட்டரி முன்போல் முழுதாக ஏறவில்லை. ஓடும் தூரம் குறைந்தது. கொடுத்த பணமோ முழுப் பணம்!

சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021-ல் சமரசம் ஆயிற்று. 1,743 கார்களுக்காக 15 லட்சம் டாலர் தரக் கம்பெனி சம்மதித்தது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 625 டாலர்.

எது நியாயம்?

தைத்துக் கொடுத்த சட்டையைத் தையற்காரர் திரும்ப வாங்கி, சொல்லாமல் கையைச் சுருக்கினால் சும்மா இருப்போமா?

அப்டேட் வேண்டாம் என்பது அல்ல வாதம். ஆபத்தைத் தடுக்க அது தேவை. அப்டேட் பற்றிச் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா. விதியே இருக்கிறது. அறிவிப்பு மட்டும் போதாது. என்ன கூடும், என்ன குறையும் என்று எளிய சொற்களில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறைந்தால் அதற்கு ஈடு தர வேண்டும். ஆபத்து இல்லாத விஷயமானால், பழையபடி மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும்.

கார் வாங்கியவர் வாடகைக்கு இருப்பவர் அல்ல. விற்ற பொருளில் கை வைக்குமுன், வாங்கியவரிடம் விவரம் சொல்லிக் கேட்பதே முறை.