சிறிய தேசத்துக்கு ஆகாயம் எதற்கு?

ஏறக்குறைய 13 லட்சம் பேரே வாழும் ஒரு தேசம் செயற்கைக்கோள் விடத் துணிந்தால், அது தன் கொடியை உயரத்தில் கட்டிப் பார்க்கும் ஆடம்பரமேயன்றி வேறில்லை என்று சொல்லுவது படித்தவர்களிடையே நாகரிகமாகிவிட்டது. வேண்டிய படங்களை வல்லரசுகளிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்பது அவர்கள் யோசனை. கொடி ஆசை அறவே இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. மந்திரிகள் பேசத் தொடங்கினால் எனக்கே அந்தச் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் எஸ்தோனியாவின் விருத்தாந்தத்தை அறிந்தவர் இந்த அபிப்பிராயத்தை அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்.

தார்த்து சர்வகலாசாலையின் மாணாக்கர்கள் 2008 முதல் முயன்று உருவாக்கிய எஸ்ட்க்யூப்-1, பத்து சென்டிமீட்டர் பக்கமும் ஒரு கிலோவுக்குச் சற்றே மிஞ்சிய எடையும் உடைய கனசதுரமாய், 2013 மே 7 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து வேகா ராக்கெட்டில் ஏறிச் சென்றது. வேகா என்பது நம்மவர் அபிஜித் என்னும் நட்சத்திரம். அதன் தூரத்தை அளந்து 1837-இல் வெளியிட்ட ஸ்துரூவே ஆராய்ந்ததும் இதே தார்த்து நகரில்தான் என்பதால், ஆகாயத்துக்கும் அவ்வூருக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று.

மின்னேற்றம் பெற்ற நீண்ட மெல்லிய கம்பியின் மின்புலத்தால் சூரியக்காற்றின் துகள்கள் விலக்கப்படும்போது கலம் எரிபொருளின்றியே உந்தப்படும் என்று பின்லாந்து விஞ்ஞானி பெக்கா யான்ஹுனென் கண்ட கருத்தை, பூமிக்கு அருகிலுள்ள மின்துகள்களைக் கொண்டே சோதிக்க அக்கோள் முற்பட்டது. விநாடிக்கு இரண்டு சுற்றுக்கு மேலாகத் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டது; பூமியைப் படம் பிடித்தது; பத்து மீட்டர் கம்பியைச் சுற்றிய சுருள் மட்டும் சுழல மறுத்தது. 2015 பிப்ரவரியில் அதன் பணி முடிந்தது. உடனே, ‘பார்த்தீர்களா, தோல்வி!’ என்கிறார்கள். விலைக்கு வாங்கிய படம் கெட்டால் வாங்கியவனுக்கு நஷ்டம் ஒன்றுதான் தெரியும். தன் கையால் ஆணியும் திருகும் பூட்டியவனுக்கோ சுருள் ஏன் நின்றது என்று தேடும் தகுதி உண்டு.

ஒரு கிலோவில் என்ன சாதிக்க முடியும் என்பாரும் உளர். 1957 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் முதல் முயற்சியான வான்கார்ட், ஏவுமேடையைவிட்டு ஒரு மீட்டரளவு எழும்பி, விழுந்து, வெடித்தது. அதன் உச்சியிலிருந்த கோளின் எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆகாயம் உனக்கு எதற்கு என்று அத்தேசத்துக்கு இவர்களில் ஒருவரும் உபதேசிக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் மேலே சென்ற, ஏறத்தாழ அதே எடையுள்ள வான்கார்ட்-1, பூமி சற்றே பேரிக்காய் வடிவமுடையது என்று அறிய உதவியதோடு, இன்றளவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வல்லரசு தோற்றால் ஆராய்ச்சி, சிற்றரசு தோற்றால் ஆடம்பரம் என்னும் இந்த இரட்டைத் தராசை யார் வகுத்தார்களோ தெரியவில்லை.

எஸ்தோனியர்களோ கட்டுவதை நிறுத்தவில்லை. 2023 அக்டோபரில் அவர்களுடைய எஸ்ட்க்யூப்-2, ஐரோப்பிய தேசங்கள் பல கூடி நிர்மாணித்த வேகாவில் மறுபடியும் ஏறி, ராக்கெட்டைவிட்டுப் பிரியாமலே அழிந்தது. அந்தப் பழியையும் நம் ஏளனக்காரர்கள் எஸ்தோனியாவின் கணக்கிலேயே எழுதுவார்கள்.