எந்த சிம் வாங்கலாம்?

எந்தக் கம்பெனி சிம் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்க வீட்டு அடுக்களையில் எது எடுக்குதோ, அது.

2024-இல் ட்ராய் கொண்டுவந்த விதிப்படி, சிக்னல் கிடைக்கும் இடங்களைக் கம்பெனிகள் வரைபடமாக இணையதளத்தில் போட்டாக வேண்டும். நல்ல காரியம். பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் அது வெட்டவெளிக் கணக்கு. படிப்புரையில் கிடைக்கும் சிக்னல் கான்கிரீட் தளத்துக்குள்ளே வராது. பேச்சிப்பாறைப் பக்கம் மலை மறிக்கும். களியக்காவிளையில் கேரள டவர் பிடித்துக்கொள்வதும் உண்டு. நாகர்கோவில் கடைக்காரர் காட்டும் நாலு கோட்டை நம்பி என்ன பிரயோசனம்?

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் மாறினால் 90 நாள் அங்கேயே கிடக்கணும். ஆகவே முதலில் அந்தக் கம்பெனியின் புது சிம் ஒன்றை போனில் இரண்டாவதாகப் போட்டு, ஒரு மாதம் வீட்டிலும் வயலிலும் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில், நாம் இருவர் மட்டும் என்றால், பாதிராத்திரி 108-ஐக் கூப்பிட இரண்டு கம்பெனி சிம் வைத்திருப்பது வீண்செலவல்ல.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது கரண்டோடு போனும் போனது நினைவிருக்கும். கரண்டு போனால் உங்க ஊர் டவர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் விசாரித்து வையுங்கள்.