ஜீவனாம்சம் பிச்சையா?

விவாகரத்து வழக்கு நடக்குங் காலத்தில் புருஷன் மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்கவேண்டும் என்றால் நம்மவர் பலருக்குக் கோபம் பொங்குகிறது. “வேண்டாமென்று போகிறவளுக்கு நான் ஏன் படியளக்கவேண்டும்? சம்பாதித்தவன் நானல்லவா?” என்பதே செரண்டா வட்டாரத்தில் எஞ்சியுள்ள தோட்டங்களில் நாம் கேட்டுவரும் வேதம். கோயில் வாசலில் கூடும் பெரிய மனிதர்களும் இதற்குத் தலையசைக்கின்றனர்.

இவ்வேதத்தின் யோக்கியதை, சம்பளப் பட்டியல் எழுதும் கிராணிமார்களாகிய நமக்கு நன்கு தெரியும். பால்மரம் வெட்டவோ செம்பனைக் குலை அறுக்கவோ விடியுமுன் புறப்படுகிறவனுக்கு, அவனுக்கும் முன்னே எழுந்து உலைவைத்தவள் யார்? அவன் பெயருக்கு நேரே நாம் எழுதுந் தொகையில் அவள் உழைப்பும் அடங்கியிருக்கிறது. அவளுக்கென்று பட்டியலில் ஒரு வரி இல்லை, அவ்வளவே. பிள்ளை பிறந்ததும் “நீ வேலைக்குப் போகவேண்டாம்” என்று நிறுத்தியவனே, பத்தாண்டு கழித்து “நீ என்ன சம்பாதித்தாய்?” என்பது எந்த ஊர் நியாயம்?

இதனினுங் கொடியது ஒன்றுண்டு. தோட்டத்து வீடு குடும்பத்திற்கு உரியதன்று, வேலைக்கு உரியது. வேலையில் பெயர் பதிந்தவன் புருஷன். ஆகவே பிணக்கு முற்றியதும் பெட்டியைத் தூக்கவேண்டியவள் அவளே. கூரை, அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் யாவும் ஒரே நாளில் போய்விடுகின்றன. வழக்கோ மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை அவள் எதைத் தின்பாள்? பசி தாளாமல் அவன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்திடுகிறாள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் “இருவர் சம்மதம்”!

சட்டம் அவ்வளவு குருடாக இல்லை. முஸ்லிமல்லாதார்க்கென 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1ல் அமலுக்கு வந்த விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 77வது பிரிவு, வழக்கு நடக்கும்போதே மனைவிக்கு ஜீவனாம்சம் விதிக்கக் கோர்ட்டாருக்கு அதிகாரம் அளிக்கிறது. அவன் சக்தியையும் அவள் தேவையையும் நிறுத்தே தொகை விதிப்பர். ஆகையால் “என்னை ஓட்டாண்டியாக்குகிறார்கள்” என்னும் கூக்குரல் வீண். சொத்துப் பங்கீட்டைக் கூறும் 76வது பிரிவு, ஒருவர் மட்டுமே சம்பாதித்த சொத்தில் சம்பாதித்தவருக்கே பெரும்பங்கு என்று முன்பு சொல்லிவந்தது உண்மையே. 2017இல் திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15 முதல் அப்பாகுபாடு ஒழிந்தது. வீட்டையும் பிள்ளைகளையும் பேணியதும் கணக்கில் சேர்கிறது. சட்டமே கைவிட்ட வாதத்தை நம் பெரிய மனிதர்கள் இன்னும் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாடு பெண்களுக்கு விவாகரத்துரிமையும் சொத்துரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்ததை மேடையேறிப் புகழ்வோரும் இவர்களுள் உளர். தம் தங்கைக்கு என்றால் தீர்மானம். தம் மனைவிக்கு என்றால் வேதம் போலும்!

கொடாதவனுடைய சம்பளத்திலேயே பிடித்துக் கட்டும்படி முதலாளிக்கு உத்தரவிட 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உத்தரவு வருமுன்னே வேறு தோட்டத்திற்குக் குத்தகை வேலைக்கு நழுவுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இடங்கொடுத்து வாய்மூடியிருக்கும் கங்காணிகளை என்னென்பது! தாலி கட்டியதோடு நின்று பதிவு செய்யாமல் விட்ட மணங்களில், மனைவி என்பதை மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிறது.

சகோதரிகளே, மனுப்போடும்போதே இடைக்கால ஜீவனாம்சத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையேல் சர்க்காரின் சட்ட உதவி இலாகாவை நாடுங்கள். பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கிடைக்குமானால் புருஷனின் சம்பளச் சீட்டு ஆகியவற்றை வீட்டைவிட்டு வெளியேறுமுன் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.