தனிமைக்கு ஓர் அமைச்சர்!



நிதிக்கு அமைச்சர் உண்டு. நீதிக்கு அமைச்சர் உண்டு. தனிமைக்கும் ஓர் அமைச்சரா என்று கேட்கத் தோன்றும். 2018 சனவரியில் பிரிட்டனின் தலைமை அமைச்சர் தெரசா மே, டிரேசி கிரௌச் அம்மையாரை அப்பொறுப்பில் அமர்த்தினார். கேலிக்குரியதல்ல அது! 2016-இல் கொலையுண்ட தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் அம்மையார் மூட்டிய கனல். தனிமையில் வாடுவோருக்காகக் குழு அமைக்க முனைந்த அவர் மறைந்தார்; எடுத்த பணி மறையவில்லை.

தனிமை மனத்தை மட்டுமா வாட்டுகிறது? காலையும் வாரிவிடுகிறது! இங்கிலாந்து முதியோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தோர் 2020-இல் வெளியிட்ட முடிவு இது: தனித்து வாழ்வோரும், உறவும் நட்பும் அருகியோரும் கீழே விழும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம்.

வியப்பென்ன இதில்? பேச ஆளில்லை, வெளியே செல்ல வேலையில்லை. நடவாத கால் வலுவிழக்கிறது. ஒருவருக்காக உலை வைப்பானேன் என்று உணவு சுருங்குகிறது. விளக்கு எரியாவிட்டால் மாற்றித்தர ஆளில்லை. முக்காலிமீது ஏறுகிறது முதுமை. விழுந்தால், குரல் கேட்கவும் ஆளில்லை. எழுந்தவரையோ, மீண்டும் விழுவோமோ என்ற அச்சம் வீட்டுக்குள் பூட்டுகிறது. தனிமை வீழ்த்துகிறது, வீழ்ச்சி தனிமையை வளர்க்கிறது!

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மடிகின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் கணக்குத் தந்தது. அவர்களுள் அறுபதைக் கடந்தோரே மிகுதி. இதை விதி என்று விட்டுவிடுவதா?

அமைச்சரை அமர்த்திய அதே பிரிட்டனில், 2010-க்குப் பின் சிக்கனத்தின் பெயரால் உள்ளாட்சிகளின் நிதி வெட்டப்பட்டது. நூலகங்கள் பல மூடப்பட்டன. பேருந்துத் தடங்கள் பல நின்றன. முதியவர் நாலு பேரைக் காணும் இடத்தையும், அங்கே செல்லும் வழியையும் அடைத்துவிட்டு, அமைச்சரை அமர்த்தி ஆவதென்ன?

நமக்கும் இதில் பாடம் உண்டு. எந்தத் தெருவில், எந்த வீட்டில் தனித்த முதியவர் இருக்கிறார் என்பது, வாக்குப்பதிவு நாளன்று தொண்டருக்குத் தெரியும். கைத்தாங்கலாக அழைத்துச் செல்வர். வரிசையில் முன்னே நிறுத்துவர். அந்தக் கை, தேர்தல் முடிந்ததும் ஏன் ஓயவேண்டும்? வாரம் ஒருமுறை கதவைத் தட்டுக! எரியாத விளக்கை மாற்றுக. வழுக்கும் குளியலறையில் கைப்பிடி பொருத்துக. படிப்பகத்துக்கு அவரை அழைத்து வருக. நாளேடு படிக்கட்டும், நம்மோடு வாதாடட்டும். தெருவிளக்கும் நல்ல நடைபாதையும் கேட்டு உள்ளாட்சியிடம் போராடுக.

வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, வாழ்வு அன்றாடம்!