சாயத்தண்ணிக்குப் பதிலாக நெல்லிச்சாறு



போன மாதம் என் தங்கை மகள் தலைப்பிரசவத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாள். வரும் வழியில் நுவரெலியாவில் ஒரு சிறிய பெட்டி ஸ்ட்ரோபெரிப் பழம் வாங்கி வந்திருந்தாள். "ஸ்மூதி அடிச்சுத் தாறேன் பெரியம்மா" என்று சொல்லி, பழத்தோடு ஐஸ்கிறீமும் நாலு கரண்டி சீனியும் போட்டு அடித்தாள். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பழச்சாறு என்பதா, பாயாசம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினாள். எனக்குப் பகீரென்றது. "வெறுந்தண்ணியில குடிச்சா குமட்டுது பெரியம்மா, இதுலதான் எறங்குது" என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என் மூத்தவனை வயிற்றில் சுமந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை. பிரசவத்தின்போது இரத்தம் ஏற்றித்தான் என்னைக் காப்பாற்றினார்கள். சாயத்தண்ணியும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது வெகுகாலத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் உடம்பில் சேரும் அளவு குறைகிறது. விற்றமின் சி செய்வது இதற்கு நேர்மாறு. கீரை, பருப்பு போன்றவற்றின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. மலையில் கொழுந்தெடுக்கும் நாம் ரொட்டியோடு போத்தல் சாயத்தண்ணியையும் கொண்டுபோய், இரண்டையும் ஒன்றாகத்தானே சாப்பிடுகிறோம்! தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி இருக்கட்டும்.

விற்றமின் சி வேண்டும் என்பதற்காக ஸ்ட்ரோபெரி வாங்கிக் கட்டுப்படியாகுமா? 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் அது ஏறக்குறைய 60 மில்லிகிராம் உண்டு. லயத்துக் கோடியில் பழுத்து விழும் கொய்யாவில் 200க்கும் மேல். நெல்லியில் பொதுவாக அதைவிடவும் அதிகம். நெல்லிக்கும் நாம் தூரம் போகத் தேவையில்லை. பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கினால், அந்தப் பக்கத்து நில்கலக் காடு நெல்லி, கடுக்காய், தான்றி மரங்களுக்குப் பெயர்போனது.

நான் செய்யும் முறை இதுதான். ஒருவருக்கு நாலு நெல்லிக்காயும் பழுத்த கொய்யாவில் பாதியும் போதும். நன்றாகக் கழுவி, நெல்லியின் கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு சிறு துண்டு இஞ்சியோடு அரைக்க வேண்டும். கரண்ட் இல்லையா, பிளெண்டர் இல்லையா? அம்மி இருக்கிறதே! கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை விட்டுக் கரைத்து, கொய்யா விதை போக ஓட்டை பெரிய வடியில் வடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் வடித்தால் சத்தான சக்கை எல்லாம் துணியோடு போய்விடும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி சேர்த்தால் சரி. அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் விற்றமின் சி அழியும். அரைத்ததை நாளைக்கென்று எடுத்தும் வைக்காதீர்கள்.

பாணியும் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. பாணி, தேன் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஸ்ட்ரோபெரி கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். ஏழெட்டுப் பழத்தை அரைக் கோப்பை தயிரோடு அடித்து, சீனி போடாமல் பின்னேரம் குடியுங்கள். பாலும் தயிரும் இரும்பு சேர்வதைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் மாத்திரை நேரத்தில் வேண்டாம். வாழைப்பழம் சேர்த்தால் தடிப்பாக வரும்தான். ஆனால் அதிலுள்ள ஒரு நொதியம் பெரிப் பழங்களின் நல்ல சத்து ஒன்றைக் குறைத்துவிடுவதாகக் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2023இல் கண்டிருக்கிறார்கள்.

நெல்லிச்சாறு மாத்திரைக்குத் துணைதான், மாற்று அல்ல. வயிற்றெரிவு உள்ளவர்களும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

மகளுக்கு முதல் கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. கர்ப்பிணிக்கு 11 ஆவது இருக்க வேண்டும். இப்போது மாத்திரையை நெல்லிச்சாறோடுதான் விழுங்குகிறாள். குமட்டலும் குறைந்திருக்கிறதாம். அடுத்த வாரம் மறுபடியும் இரத்தம் பார்ப்பார்கள். அதுவரை நெல்லிக்காயைத்தான் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் உப்புத் தொட்டே பாதியை முடித்துவிடுகிறார்கள்.