வளைகோலும் அதன் வளைவும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைத் தமிழ் பயிலும் மாணாக்கர் யாவரும் அறிவர். அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் ஓர் உடும்பிற் சென்று தங்கிற்று என வன்பரணர் புறநானூற்றில் வியந்து பாடினர். இன்றும் அம்மலையில் ஆடித் திங்கள்தோறும் வல்வில் ஓரி விழா நடைபெறுகின்றது. ஆயினும், உலகம் போற்றுவது வில்லை. அதனை வளைத்த தோளையும், குறி பார்த்த கண்ணையும் நினைப்பவர் சிலரே. இம்மயக்கம் இந்நாளில் நம் ஹாக்கி ஆடுகளத்தினும் புகுந்திருத்தலைக் காண்கின்றோம். ஆதலின் அதுபற்றிச் சில கூறுவாம்.

ஹாக்கியை வளைகோற்பந்து என வழங்குதல் மிகப் பொருத்தமே. அக்கோலில் வளைவுகள் இரண்டு உள. பந்தைத் தொடும் தலைப்பகுதி கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருப்பது ஒன்று. கோலின் தட்டையான முகம் கீழே படுமாறு மேசைமேற் கிடத்தினால், தண்டு வில்லைப்போல் உயர்ந்து தோன்றுவது மற்றொன்று. இவ்விரண்டாம் வளைவினை ஆங்கிலரும் வில் என்னும் பொருளுடைய சொல்லாலேயே குறிக்கின்றனர். மாணாக்கர் கடையிற் புகுந்து, “வளைவு மிக்க கோல் உளதோ?” என்று வினவுவது இதனைக் கருதியே.

இவ்வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது உலக ஹாக்கிச் சங்கத்தின் விதி. முதலில் 50 மில்லிமீட்டர் வரை இடம் தந்தனர். பந்து அளவிறந்த வேகத்துடன் சுண்டப்படுதலைக் கண்டு, பின்னர் அதனைப் பாதியாகக் குறைத்தனர். வளைவின் உச்சி, கோலின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் குறைந்த தொலைவில் அமைதலும் கூடாது. பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹாக்கியிலும் இதுவே நிகழ்ந்தது. 1960ஆம் ஆண்டுகளில் சிகாகோக் குழுவினராகிய ஸ்டான் மிகிட்டா, பாபி ஹல் என்போர் வளைந்த அலகுடைய கோல்களால் எதிரிகளைத் திகைப்பித்தனர். அதன்பின் அவ்வாட்டத்திலும் வளைவிற்கு வரம்பு கட்டினர். அங்கே இடக்கையர்க்கும் வலக்கையர்க்கும் வெவ்வேறு வளைவுகள் உள. நம் புல்வெளி ஹாக்கியிலோ கோலின் தட்டையான இடப்பக்கமே ஆடுதற்குரியது. எக்கையர்க்கும் ஒரே முகமே.

இனி, ஆடும் முறைக்கேற்ற வளைவு யாதெனக் காண்போம். உச்சி அடியிலிருந்து ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் தொலைவில் அமைந்த கோல், பந்தைத் தடுத்து நிறுத்துதற்கும், தரையோடு தரையாகத் தள்ளுதற்கும், நேராக ஓங்கி அடித்தற்கும் ஏற்றது. தற்காப்பு ஆட்டக்காரர்க்கும் புதிதாகப் பயில்வார்க்கும் இதுவே துணை. ஏறத்தாழ 250 மில்லிமீட்டரில் உச்சியுடையது நடுத்தரமானது. பந்தைக் கொண்டோடுதல், கொடுத்தல், கோல் அடித்தல் ஆகிய எல்லாம் செய்ய வேண்டிய நடுக்களத்தார்க்கு உரியது. 200 மில்லிமீட்டரை அடுத்து உச்சி தாழ்ந்திருப்பது, பெனால்டி கார்னரிற் பந்தை இழுத்துச் சுண்டும் டிராக் பிளிக் என்னும் வித்தைக்கென வகுக்கப்பட்டது. பந்து அத்தாழ்ந்த குழிவிற் பற்றிக்கொண்டு, கோலுடன் நெடுந்தூரம் இழுபட்டு, இறுதியிற் கவண்கல்போற் பாயும். ஆனால் அதே கோலால் ஓங்கி அடிக்குமிடத்து, கைகள் பந்திற்கு முன்செல்லாவிடின், முகம் பின்சாய்ந்து பந்து மேலெழும்.

“வளைவு மிகுதோறும் வலிமை மிகும், சிறந்த வீரரைப் பின்பற்றுதலில் யாது குற்றம்?” என்பார் உளர். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல்கள் அடித்து இந்தியா வெண்கலம் பெறத் துணைநின்றமை நமக்கெல்லாம் பெருமையே. அவர் செய்யும் தொண்டினைப் பதினொருவருட் செய்பவர் ஓரிருவரே. ஏனையோர் அவ்வொருவர்க்குரிய கருவியை ஏந்துதல், தச்சர் அனைவரும் உளியை விடுத்து இழைப்புளியையே எடுத்தலை ஒக்கும். நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980ஆம் ஆண்டு மாஸ்கோவிற் பொற்பதக்கம் வென்ற காலத்தில், இத்தகைய ஆழ்ந்த வில்வளைவுடைய கோல்கள் வழக்கில் இல்லை. வென்றவை பயிற்சி பெற்ற மணிக்கட்டுகளே.

இது வெறும் விருப்பு வெறுப்பைப் பற்றிய வழக்கன்று. பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கல்லை ஒத்த கடினம் உடையது. பெனால்டி கார்னரில் ஓங்கியடிக்கும் முதலடி 460 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து கோலுட் புகின் அது கோலாகாது என்றும், 5 மீட்டருக்குள் நிற்கும் எதிரியை நோக்கிப் பந்தை உயர்த்திச் சுண்டுதல் ஆபத்தானது என்றும் விதிகள் வகுத்தமை எதனால்? ஆடுவோர் முகமும் பல்லும் கண்ணும் காக்கப்பட வேண்டும் என்பதனால் அன்றோ? தன் கைக்கு அடங்காத கோலை ஏந்துபவன் தன் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வதோடு, தோழன் உடலுக்கும் ஊறு விளைக்கின்றான்.

மற்றொன்றும் உண்டு. கொல்லிமலையிற் காப்பியும் மிளகும் பயிரிட்டு வாழும் குடும்பத்திலிருந்து, எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கீழிறங்கிக் கல்லூரிக்கு வரும் மாணாக்கன் ஒருவனை எண்ணிப் பார்மின். அவன் வாங்கக்கூடுவது ஒரு கோலே. அதுவும் பிறர் பேச்சைக் கேட்டு வாங்கிய, தனக்குப் பொருந்தாத கோலாயின், பந்து தன் சொற்படி நில்லாமையைக் கண்டு, குறை தன் கையிலே உளதென மயங்கி, ஆட்டத்தையே கைவிடுவான். பொருளிழப்பினும் இவ்விழப்புப் பெரிதாகும்.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, கல்லூரி விளையாட்டுக் கழகங்கள் மூவகை வளைவுக்கும் இரண்டிரண்டு கோல்களேனும் வாங்கி வைத்து, மாணாக்கர் சில கிழமை ஆடிப்பார்த்த பின்னரே தமக்கெனக் கோல் வாங்குமாறு செய்தல் வேண்டும். இரண்டாவது, முதலாண்டு மாணாக்கர் உச்சி உயர்ந்த கோலிலேயே பயிலுதல் வேண்டும். பந்தை நிறுத்தவும் தள்ளவும் தேர்ந்த பின்னர், சுண்டும் தொண்டு தமக்கு வாய்க்குமாயின் தாழ்ந்த வளைவினை நாடலாம். செலவு சிறிது, பயனோ பெரிது. கழகத்தார் இதனை வரும் ஆட்டப் பருவத்திற்கு முன்னரே ஆய்ந்து ஆவன செய்வார்களாக.