வயலுக்கு ஆள்தான் வரவேண்டும்

அரச சேவையைச் சுருக்கிய முடிவுக்கு வயது கூடுகிறதே தவிர, அதன் காயம் ஆறவில்லை. 2022 நெருக்கடியில் ஆட்சேர்ப்பு நின்றது. ஓய்வு வயது 60 ஆக இறக்கப்பட்டதால் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி அனுபவசாலிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் வெளியேறினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த கதிரையும் வரப்பில் நடந்த காலும் அங்கே ஒரே கணக்கில் எழுதப்பட்டன. இந்தப் பத்திரிகை எதிர்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

கடிதம் எழுதுவது, மானியப் படிவம் சரிபார்ப்பது, அறிக்கை தொகுப்பது போன்ற மேசை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு செய்யட்டும், தடுக்கவேண்டியதில்லை. ஆனால் விவசாயப் போதனாசிரியரின் வேலை அப்படிப்பட்டதல்ல.

வஹகோட்டை, கலேவெலை, நாவுலப் பக்கம் சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் போடுகிறவர்களைக் கேளுங்கள். இலை நுனி காய்கிறது. இலைப்பேனாக இருக்கலாம், பூஞ்சணமாக இருக்கலாம், தண்ணீர் முறை தவறியதாகவும் இருக்கலாம். தொலைபேசியில் எடுத்த படத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். வயலுக்கு வருகிறவர் செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார், குமிழை நசுக்கி மணப்பார், மண்ணைக் கையில் உருட்டுவார். மேல் வயலிலிருந்து தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று கவனிப்பார். வரப்போரம் கிடக்கும் வெற்றுப் போத்தலைக் கண்டதுமே, மருந்து இரட்டிப்பாக அடிக்கப்பட்டது அவருக்குப் புரிந்துவிடும். அதை விவசாயி வாயால் சொல்லமாட்டார். கடன் வாங்கி விதை போட்டவருக்கு அவ்வளவு கூச்சம். அந்தக் கூச்சத்தைக் காயப்படுத்தாமல் உண்மையை வெளியே எடுப்பது பல போகங்கள் ஒரே ஊரில் பழகிய மனிதரால்தான் முடியும். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் நல்ல ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் கேட்கத் தெரிந்த கேள்விக்குத்தான் அங்கே பதில். கேட்கத் தெரியாத கேள்வியை யார் கேட்பது?

வயலில் நிற்பவரை மதிக்காத இந்த அலட்சியம் புதிதல்ல. 1989ஐ ஒட்டிய காலத்தில் கிராம மட்டத்தில் இருந்த ஏறத்தாழ 2,400 விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்களைக் கிராம சேவகர்களாக மாற்றினார்கள். வயலை அறிந்தவர்கள் ஒரே உத்தரவில் சான்றிதழுக்குக் கையொப்பமிடுபவர்கள் ஆனார்கள்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஓர் இரவில் தடைசெய்தார்கள். நவம்பரில் பின்வாங்கினார்கள், அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. தடைக்கு முன் மண்ணில் நிற்பவர்களின் பேச்சுக்கு யாரும் காது கொடுக்கவில்லை. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, பயிரழிக்கும் குரங்கையும் மயிலையும் ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடச் சொன்னார்கள். ஆட்சிகள் மாறின. கொழும்பு மேசையிலிருந்து வயலைப் பார்க்கும் பழக்கம் மாறவில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கு 3 பில்லியன் ரூபா. அதே திட்டத்தில் 30,000 பேரை அரச சேவையில் சேர்க்க 10 பில்லியன். இரண்டையும் வரவேற்கலாம். ஆனால் அந்த 30,000 பேரில் வரப்புக்கு எத்தனை பேர், அலுவலகத்துக்கு எத்தனை பேர் என்று ஊருக்கு ஊர் பகிரங்கமாகச் சொல்லுங்கள். இயந்திரம் செய்யக்கூடிய மேசை வேலைக்கு ஆளை நிரப்பிவிட்டு, இயந்திரத்தால் முடியாத வயல் வேலையைத் தொலைபேசியிடம் விடுவது மன்னிக்க முடியாத நிர்வாகத் தவறு.

அடுத்த சிறுபோகத்துக்கு முன் வயல்களுக்கு மனிதர்களை அனுப்புங்கள்.